தானியம் இல்லாத சாப்பாட்டு டப்பா: ஒரு சந்தாதாரரின் மதிப்பீடு

ஆதி மனிதனின் உணவு என்ற பெயரில் தானியத்தை ஒதுக்கும் ‘பேலியோ’ உணவுமுறைக்கென்று சென்னையில் கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருக்கும் சமையற்கூடங்களில் ஒன்றிடமிருந்து நானும் என் அக்காவும் சில மாதங்கள் மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் வாங்கினோம். அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சர்க்கரை, சூரியகாந்தி போன்ற விதை எண்ணெய் ஆகிய எதையும் சேர்க்காமல் சமைத்து, மாதச் சந்தா முறையில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பது அவர்களது தொழில். சந்தாவோடு உணவு ஆலோசகர் ஒருவரின் வாட்ஸ்அப் வழிகாட்டலும், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதப்பட்டது என்று சொல்லப்படும் ஒரு டயட் சார்ட்டும் சேர்ந்து வருகின்றன. எனக்கு நீண்ட நாள் சர்க்கரை நோயும் ஸ்கேனில் தெரியவந்த கொழுப்பேறிய கல்லீரலும் உண்டு. அக்காவுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவும், முழங்கையிலும் தலையிலும் அவ்வப்போது படரும் சொரியாசிஸ் என்ற தோல் நோயும் உண்டு. நான் அசைவ டப்பா. அக்கா முட்டைகூடத் தொடாத சைவ டப்பா.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இந்தத் துறையில் உள்ள பலருக்கும் பொதுவானவை என்பதால், ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அசைவ டப்பா வேளைக்கு 310 ரூபாய், சைவ டப்பா 280 ரூபாய். ஆலோசனைக் கட்டணம் அதற்குள் அடக்கம். இரண்டு பேர் இரண்டு வேளை சாப்பிட்டால் மாதம் எவ்வளவு ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவர்களிடம் உண்மையிலேயே விலை கொடுத்து வாங்கத் தக்கது அதுதான். தேங்காய்ப்பாலும் புளியும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொதிக்கவைத்த மத்தி மீன் குழம்பு, மஞ்சள் போட்டு வேகவைத்த மீனை முள் நீக்கி உதிர்த்து இஞ்சி பூண்டோடு வதக்கிய சுறாப்புட்டு, காய்ந்த மிளகாயும் தேங்காய்ப் பல்லும் மட்டுமே முக்கியச் சரக்காக வரும் பள்ளிப்பாளையம் சிக்கன், மிளகு தூக்கலாக வறுத்த ஈரல், செக்குத் தேங்காய் எண்ணெயில் பொரித்த நெத்திலி ஆகியவை வீட்டுச் சமையலுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. மாவு தூவிக் கெட்டியாக்கும் வழக்கமும், நிறத்துக்குச் செயற்கைப் பொடி போடும் வழக்கமும் இவர்களிடம் இல்லை. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் மறுநாள் குளிர்பெட்டியில் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்தாலே அது சூரியகாந்தி எண்ணெய் அல்ல என்று தெரிந்துவிடும். சைவத்தில் தேங்காய் அரைத்த அவியலும், புளியில் கொதித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பும், முருங்கைக்கீரைப் பொரியலும் நன்றாக வருகின்றன.

கவனித்துப் பார்த்தால், இங்கே நன்றாக இருப்பவை அனைத்தும் பிறந்ததிலிருந்தே தானியம் இல்லாத உணவுகள். அவற்றை யாரும் இந்த உணவுமுறைக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தானியத்தின் இடத்தில் வேறொன்றை உட்கார்த்தி வைக்கும் முயற்சிகள்தான் தோற்றுப்போகின்றன. தேங்காய் மாவு இட்லி வாயில் போட்டதும் ஈரமான மரத்தூள் போல உதிர்கிறது. பாதாம் மாவு ரொட்டி, சூட்டோடு வந்தால் பிய்கிறது, ஆறி வந்தால் அப்பளமாக விறைக்கிறது. இந்த லட்சணத்தில் அதற்குத் தனிக் கட்டணம் வேறு வாங்குகிறார்கள்.

காலிஃபிளவர் சாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வகை உணவில் தினமும் தட்டின் நடுவில் வந்து உட்காருவது அதுதான். பூவைத் துருவியபின் மெல்லிய துணியில் கட்டி நீரைப் பிழிந்துவிட்டு, அகன்ற வாணலியில் மூடி போடாமல் பெருந்தீயில் சில நிமிடங்கள் மட்டும் புரட்டி எடுத்தால் அது உதிரியாக நிற்கும். அதற்கே உரிய கந்தக வாடையும் பெரும்பாலும் போய்விடும். மொத்தமாகச் சமைக்கும் இடத்தில் அந்தப் பொறுமை வாரத்தின் எல்லா நாளும் இருப்பதில்லை. மூடிவைத்து வேகவிட்ட நாள்களில் டப்பாவின் அடியில் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் தேங்கி, அதன் மேல் ஊற்றிய ரசமும் அதுவும் கலந்து எதுவென்றே தெரியாத ஒரு கூழாகிவிடுகிறது. இதைச் சொன்னபோது அவர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வாரம் சரியாக வந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

சந்தாதாரர்கள் கேட்டால் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதிக்கிறார்கள். இது பாராட்டத்தக்க பழக்கம். இடம் சுத்தமாக இருந்தது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் சுவரிலும் டப்பாவிலும் இருந்தது, மீன் வெட்டும் மேசையும் காய் நறுக்கும் மேசையும் வெவ்வேறு அறைகளில் இருந்தன. ஆனால் தாளிக்கும் அடுப்பின் பக்கத்தில் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காய டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் சேர்மானத்தில் பிசினோடு மைதா என்று அச்சிட்டிருக்கிறது. கலப்பில்லாத பெருங்காயம் கடுமையாகக் காந்தும் என்பதால் மைதாவையோ அரிசி மாவையோ சேர்த்துத்தான் பெரும்பாலான கூட்டுப் பெருங்காயம் விற்கப்படுகிறது. இது எல்லா வீட்டிலும் உள்ள பொருள், குற்றமில்லை. சர்க்கரை நோய்க்காகத் தானியத்தை விட்டவருக்கு ஒரு சிட்டிகையில் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமைப் புரதமான குளூட்டன் துளி அளவும் ஆகாது. அப்படிப்பட்டவர்களும் ‘நூறு சதவீதம் தானியமற்றது’ என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பித்தானே வாங்குவார்கள்? நான் சுட்டிக்காட்டியபின் மைதா இல்லாத பெருங்காயத்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். சீலியாக் தென்னிந்தியாவில் அரிது என்றாலும், வயிற்றுக் கோளாறுக்காகக் கோதுமையை விட நினைப்பவர்கள் விடுவதற்கு முன்பே அதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் ஆனபின் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இனி அந்தத் துண்டுப்பிரசுரத்துக்கு வருகிறேன். முதல் டப்பாவோடு வழவழப்பான தாளில் ஒரு மடிப்புப் பிரசுரம் கொடுக்கிறார்கள். மனித இனம் பல லட்சம் ஆண்டுகள் தானியமே உண்ணாமல் வேட்டையாடி வாழ்ந்தது, வேளாண்மை வந்தபின்தான் நோய்கள் வந்தன, ஆதி மனிதனின் தட்டுக்குத் திரும்பினால் சர்க்கரை நோய் முதல் மூட்டுவலி வரை அனைத்தும் ‘வேரோடு தீரும்’ என்பது அதன் சாரம். இந்தக் கருத்து மருத்துவ உலகில் பரவலான கவனத்தைப் பெற்றது 1985இல், பாய்ட் ஈட்டன், மெல்வின் கான்னர் ஆகிய இருவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. நம் உடலின் அமைப்புக்கும் இன்றைய உணவுக்கும் பொருத்தமின்மை இருக்கிறது என்ற அவர்களது அடிப்படை வாதம் சிந்திக்கத் தக்கது. பிரசுரம் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஓட்டம்தான் சிந்திக்கத் தக்கதாக இல்லை.

வேளாண்மை தொடங்கியது ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன்பு என்பது சரி. ஆனால் தானியம் மனிதன் வாய்க்குள் போனது அதற்கு வெகு காலம் முந்தியது. இஸ்ரேலில் கலிலேயக் கடலின் கரையில் உள்ள ஒஹாலோ என்ற தொல்லியல் களத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் காட்டு வாற்கோதுமையைக் கல்லில் அரைத்திருக்கிறார்கள். ஜோர்டானில் 14,400 ஆண்டுகளுக்கு முந்திய ரொட்டியின் கரிந்த துணுக்குகள் அடுப்புக் குழியிலிருந்து கிடைத்திருக்கின்றன. நம் பக்கம் வந்தால், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. இறந்தவரோடு நெல்லை வைத்துப் புதைத்த மக்களின் வாரிசுகளிடம் முன்னோர் பெயரைச் சொல்லி அரிசியை விடச் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உழாமல் கிடைக்கும் உணவுகளாகச் சங்கப் பாடல் ஒன்று பறம்பு மலையில் எண்ணிச் சொல்லும் நான்கில்கூட, பலாவுக்கும் வள்ளிக்கிழங்குக்கும் தேனுக்கும் முன்னால் நிற்பது மூங்கில் நெல்தான்.

இதே சமையற்கூடம் இருக்கும் தெருவிலேயே சிறுதானிய உணவகம் ஒன்றும் இருக்கிறது. அங்கே சுவர் முழுக்க ‘நம் முன்னோர் உண்ட வரகும் சாமையும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு முன்னோர்கள், இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பழுதில்லாத கணக்கு ஒன்று உண்டு: நூறு கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து, அதே நூறு கிராம் சாமையிலோ வரகிலோ ஏறத்தாழ 65 கிராம். வேறுபாடு இருக்கிறது, நார்ச்சத்தும் கூடுதல். ஆனால் அரிசிச் சோற்றுக்குப் பதில் அதே அளவு வரகரிசிச் சோற்றைக் குவித்துச் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை இறங்கவில்லையே என்று வியப்பவர்கள் என் சுற்றத்திலேயே பலர் உண்டு.

முன்னோர் கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த டப்பா உடலில் என்ன செய்கிறது என்பது எளிதாகவே புரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டது; அதே ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பிஸ்கட்டோடு தேநீர், இரவில் தோசை என்று ஓடும் ஒரு நாளிலிருந்து இவற்றை உருவிவிட்டு மீனும் கீரையும் தேங்காயும் வைத்தால் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை பெரிதாக ஏறுவதற்கு வழி இல்லாமல் போகிறது. புரதமும் கொழுப்பும் பசியை அடக்குவதால் மொத்தக் கலோரியும் தானாகக் குறைகிறது, எடை இறங்குகிறது, கல்லீரலில் படிந்த கொழுப்பும் அதோடு கரையத் தொடங்குகிறது. என் விஷயத்தில் நடந்ததும் இதுதான்: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.2இலிருந்து 6.7க்கு வந்தது, ரத்தக் கொழுப்பு வகைகளில் ஒன்றான டிரைகிளிசரைடு 260இலிருந்து 140க்கு இறங்கியது, இடுப்புப் பட்டையில் புதிதாகத் துளை போட வேண்டியதாயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேசையிலேயே தலை சாயும் தூக்கம் நின்றதை அலுவலகத்தில் மற்றவர்கள்தான் முதலில் கவனித்தார்கள்.

கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்டிஎல் 118இலிருந்து 171க்கு ஏறியதும் அதே அறிக்கையில்தான் இருந்தது. ஆலோசகரிடம் கேட்டதற்கு, அது ‘பெரிய துகள் கொழுப்பு’, கவலைப்பட வேண்டாம், நெய்யைக் குறைக்க வேண்டாம் என்று ஒரு குரல் பதிவு வந்தது. என் மருத்துவர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. இந்தியர்களுக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருவதை நினைவூட்டி, வெண்ணெய்த் தேநீரை நிறுத்தச் சொல்லி, நெய்யைக் கரண்டிக் கணக்கிலிருந்து சிட்டிகைக் கணக்குக்கு இறக்கி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இந்த உணவுமுறையை ஆய்வுக்கூட ஒழுங்கோடு சோதித்தவர்களில் முதன்மையானவர் ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டாஃபான் லிண்டபெர்க். 2007இல் வெளியான அவரது ஆய்வில் இதய நோயோடு சர்க்கரைக் கோளாறும் உள்ள 29 ஆண்கள் 12 வாரம் பங்கேற்றார்கள். ஆதி உணவு உண்ட குழுவுக்குக் குளுக்கோஸ் குடித்தபின் ஏறும் சர்க்கரையின் மொத்த அளவு 26 சதவீதமும், மத்தியதரைக்கடல் பாணி உணவு உண்ட குழுவுக்கு 7 சதவீதமும் குறைந்தன. நம் ஊர்ப் பேலியோகாரர்கள் பெருமையோடு காட்டும் ஆய்வு இது. ஆனால் அந்த உணவில் இருந்தவை கொழுப்பு குறைந்த இறைச்சி, மீன், காய், பழம், முட்டை, கொட்டைகள், கிழங்கு வகைகள். வெண்ணெய், நெய், பனீர் போன்ற பால் பொருள்களுக்கு அங்கே இடமே இல்லை. எனக்கு வந்த சார்ட்டிலோ காலையில் வெண்ணெய்த் தேநீர், மாலையில் பனீர், இரவில் நெய்.

அதே லிண்டபெர்க் பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த கித்தாவா தீவில் வாழ்பவர்களை ஆராய்ந்தபோது அவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறையக் காணப்படவில்லை. ஆண்களில் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்களாக இருந்தும் அப்படி. அவர்கள் உண்டது வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, சேம்பு, பழம், தேங்காய், மீன். கலோரியில் ஏறத்தாழ 70 சதவீதம் மாவுச்சத்து! ஆக, தானியம் இல்லாமையும் மாவுச்சத்து இல்லாமையும் ஒன்றல்ல. இந்தச் சமையற்கூடத்தில் சேனைக்கும் சேப்பங்கிழங்குக்கும் சிறுகிழங்குக்கும் தடை. என்னைப் போன்ற நோயாளிக்கு அந்தத் தடை பொருந்தலாம். சர்க்கரை நோய் இல்லாத அக்காவுக்கு எதற்காக என்று கேட்டால், ‘சார்ட்டில் இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. தனித்தனியாக எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் சார்ட்டுகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மீன் இருக்கும் இடத்தில் பனீர் என்பதைத் தவிரப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஆலோசனைச் சேவை பற்றிய என் கடுமையான மனக்குறை மருந்து விஷயத்தில்தான். சந்தா தொடங்கிய முதல் வாரத்திலேயே, ‘மாத்திரையை மெதுவாக நிறுத்திவிடலாம் சார், சாப்பாடே பார்த்துக்கொள்ளும்’ என்று ஆலோசகர் எழுதினார். நான் எந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் அதற்கு முன்போ பின்போ கேட்கவில்லை. இது எவ்வளவு ஆபத்தான பேச்சு என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கிளிமெபிரைடு போன்ற, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகளையோ இன்சுலின் ஊசியையோ பழைய அளவிலேயே தொடர்ந்துகொண்டு மாவுச்சத்தை மட்டும் வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளோடு இந்த உணவு சேர்ந்தால், சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்காகத் தன்னிச்சையாக எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் தீர்வல்ல. என் மருத்துவர் உணவு மாறப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே கிளிமெபிரைடைப் பாதியாக்கி, சில வாரங்களில் முழுதும் நிறுத்தி, மெட்ஃபார்மினை மட்டும் தொடர்ந்தார். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும், மாவுச்சத்து குறைந்தால் உடலிலிருந்து நீரும் உப்பும் அதிகம் வெளியேறும் என்பதைக் காரணம் சொல்லி, குறைத்தார். தொடக்க நாள்களில் வரும் தலைச்சுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் இதனால்தான் என்பதையும், எலும்புச்சாற்றில் சிறிது உப்புச் சேர்த்துக் குடிப்பது பலருக்கு உதவும் என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

பிரசுரத்தில் இருக்கும் ‘வேரோடு தீரும்’ என்ற வாசகம் சட்டத்துக்கும் ஒவ்வாதது. உணவு ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று அனுமதியின்றி விளம்பரப்படுத்துவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. சர்க்கரை நோய் எப்போது அடங்கியதாகக் கொள்வது என்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலும் தெளிவானது: மருந்துகளை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆனபின்னும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்று 2021இல் சர்வதேச நிபுணர்கள் வரையறுத்தார்கள். தணிவு என்றார்களே தவிர, தீர்வு என்று சொல்லவில்லை. அந்தத் தணிவுக்கும் தானியத்தை விடுவது ஒன்றே வழி அல்ல. பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வில் முதல் சில மாதங்கள் குறைந்த கலோரிப் பானங்களை மட்டும் கொடுத்து எடையைக் குறைத்தபோது ஓராண்டில் 46 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ இழந்தவர்களில் அது 86 சதவீதம். அங்கே ஆதி மனிதனுக்கு எந்த வேலையும் இருக்கவில்லை, எடைக்குத்தான் இருந்தது.

அக்காவின் அனுபவம் வேறு மாதிரி. எடை சிறிது குறைந்தது. மாதவிடாய் நின்றபின் ஏறிய வயிற்றுச் சுற்றளவு இறங்கியதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எதற்காகச் சேர்ந்தாரோ அந்தச் சொரியாசிஸில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. குளிர்காலத்தில் வழக்கம்போலவே கூடியது. தைராய்டு விஷயத்தில் சார்ட்டே இடைஞ்சலாக இருந்தது. தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காப்பியும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த உணவும் அது உடலில் சேர்வதைக் கெடுக்கும். சார்ட்டிலோ எழுந்தவுடன் மாத்திரை, உடனே வெண்ணெய்க் காப்பி என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. அக்கா அதைப் படித்துச் சிரித்துவிட்டு, ‘இவங்க சொல்றபடி செஞ்சா மாத்திரையைச் சாக்கடையில போட்ட மாதிரிதான்’ என்று தன் பழைய வழக்கத்தையே தொடர்ந்தார்.

சைவர்களுக்கு இந்த உணவுமுறை இயல்பாகவே நெருக்கடியானது. பருப்பையும் பயறையும் எடுத்துவிட்டால் புரதத்துக்குப் பனீரும் பாதாமும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஊறவைத்து நெய்யில் வறுத்த நூறு கிராம் பாதாம் தமிழ்ப் பேலியோவில் காலை உணவாகவே ஆகிவிட்டது; வயிறு நிறையும் என்பது உண்மை. ஆனால் சிறுநீரகக் கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட் என்ற பொருள் பாதாமில் மிகுதி என்பதால், சிறுநீரகக் கல் வந்த வரலாறு உள்ளவர்கள் அதைத் தினமும் அந்த அளவில் சாப்பிடுவது ஏற்றதல்ல. பாலக்கீரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அக்காவுக்கு முன்பே ஒருமுறை கல் வந்திருக்கிறது என்பதைப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். படிவத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வாரத்தில் பாதி நாள் பனீர், பட்டாணி இல்லாத குழம்பாகவும், மறுபாதி பனீர் வறுவலாகவும் வருவதில் சலிப்பும் சீக்கிரம் தட்டிவிடுகிறது. மலச்சிக்கல் பற்றி அவர் சொன்னதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. காய்களின் அளவை இரட்டிப்பாக்கக் கேட்டு வாங்கியபின் சரியாயிற்று.

விநியோகத்தில் குறை இல்லை. மதியம் 12.30க்குள் வந்துவிடுகிறது, பெருமழை நாள்களில் தாமதமானால் முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். எஃகு டப்பாவில் கொடுத்து மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்வதால் பிளாஸ்டிக் குப்பை சேர்வதில்லை. ஊருக்குப் போகும் நாள்களுக்கு முதல் நாள் இரவுக்குள் சொன்னால் பணம் அடுத்த மாதத்தில் கழிக்கப்படுகிறது, கேட்காமலேயே கழிக்கிறார்கள். ஆனால் மூன்று மாதச் சந்தாவை இடையில் முறித்தால் மீதிப் பணம் திரும்பாது என்ற விதி ரசீதின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. மாதச் சந்தாவாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

இதே உணவை வீட்டில் சமைத்தால் செலவு பாதிக்கும் கீழே என்பது என் கணக்கு. மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் விலை மலிந்த மீன்கள், முட்டை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, கீரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சந்தாவுக்குப் பொருள் இருப்பது, நாள் முழுவதும் வெளியே வேலை பார்த்துவிட்டுப் பசியோடு வரும்போது பக்கத்துக் கடைப் பரோட்டா கண்ணில் படுகிறதே, அந்த வேளைக்காகத்தான். நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதுதான் இந்த உணவுமுறையின் சிக்கல். ஸ்வீடனின் உமியோ நகரில் மாதவிடாய் நின்ற, உடல் பருமன் உள்ள 70 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், ஆறாம் மாதத்தில் ஆதி உணவுக் குழு உடல் கொழுப்பை இழந்ததில் தெளிவாக முந்தி நின்றது. இரண்டாம் ஆண்டின் முடிவில் அந்த முந்துதல் புள்ளியியல் அளவில் மறைந்துபோனது, டிரைகிளிசரைடு மட்டும் தாழ்ந்தே இருந்தது. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு அவியலையும் கூட்டையும் மட்டும் சாப்பிட்டு எழும் மன உறுதி ஓராண்டுக்கு மேல் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. பரிமாறுபவர்களின் முகத்தைப் பார்ப்பதே ஒரு தண்டனை.

சர்க்கரை நோயோ கொழுப்பேறிய கல்லீரலோ உள்ள, அசைவம் உண்ணும், சிறுநீரகச் செயல்பாடு சரியாக உள்ள ஒருவர், தன் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி, கொழுப்பு விவரம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், யூரிக் அமிலம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொண்டு இந்த டப்பாவை வாங்கலாம். கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளும், இன்சுலின் ஊசி போடுபவர்களும் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. சைவர்களுக்கு இந்தச் சமையற்கூடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயறையும் கிழங்கையும் ஒதுக்காமல் சோற்றின் அளவை மட்டும் கால் பங்காக்கினாலே அவர்களுக்கு நல்லதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

நான் இப்போது வார நாள்களின் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். மீன் நான்கு நாள், கோழி ஒரு நாள். காலிஃபிளவர் சாதத்துக்குப் பதில் இரட்டைப் பங்கு பொரியல். நெய் வேண்டாம், பாதாம் ரொட்டி வேண்டாம், ஆலோசகரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆலோசகரை நீக்கினாலும் கட்டணம் குறையாது என்றார்கள். அக்கா சந்தாவை முடித்துக்கொண்டு, பாசிப்பயறும் சேனைக்கிழங்கு வறுவலும் சிறிது சோறுமாக வீட்டுச் சமையலுக்குத் திரும்பிவிட்டார். இடுப்பளவு இதுவரை ஏறவில்லை என்கிறார்.